திருவிழா மலரில் வந்த ரெசின் செய்முறை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் அதை ஏதோ வியாதி மாதிரிப் பேசுவார்கள். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் ஒரு பெரிய கம்பெனி எங்கள் வேலையைத் தன் வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கும், நாங்களும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். அதனால் இதைச் சொல்லும்போது குரலைத் தணித்துச் சொல்லப் போவதில்லை.

நான் ராயபுரத்துக்காரி. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு ரெசின் தொழிற்சாலையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் கண்ணாடி நார்த் துணியின் மேல் பிரஷால் தடவுகிறார்களே, தேன் நிறத்தில் ஒரு கூழ், அதுதான் ரெசின். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை நொறுக்கி, கிளைக்கால் என்ற திரவத்தில் வேகவைத்துக் கரைத்து, அதில் மேலிக் என்ற வெள்ளைக் கட்டியைப் போட்டு மறுபடியும் சமைப்போம். சமைக்கிற பாத்திரத்துக்குப் பெயர் கெட்டில். பெயரைக் கேட்டு டீ போடுகிற சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் நாலு ஆள் நிற்கலாம்.

நிற்கலாம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மேலிக்கை மொத்தமாகக் கொட்டினால் சில நாள் கூழ் நம் பேச்சைக் கேட்காது. திடீரென்று இறுகி, கெட்டிலுக்குள்ளேயே ஒரே கட்டியாக உட்கார்ந்துவிடும். ‘கெட்டில் செட் ஆயிடுச்சு’ என்ற சத்தம் கேட்டால் கேன்டீனில் இருப்பவன்கூட டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். சூடு ஆறியதும் மேலே இருக்கிற ஓட்டையைத் திறந்து, உளியும் சுத்தியுமாக ஒரு மனிதனை உள்ளே இறக்குவார்கள். அவன் அந்தக் கட்டியைக் கொத்திக் கொத்தி வாளியில் அனுப்ப வேண்டும். உள்ளே காற்று கிடையாது. கண்ணும் தொண்டையும் எரியும். இரண்டு நாள், மூன்று நாள் நடக்கும் அந்த வேலை.

எங்கள் தொழிற்சாலையில் அப்படி இறங்கியவர் கெட்டில் ஓட்டிய அண்ணன். வியாசர்பாடிக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர், பௌத்தர். அவர் சட்டைப் பையில் எப்போதும் இருமலுக்கு ஒரு சின்ன பாட்டில் மிளகு மாத்திரை இருக்கும். என்னை ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தால் மட்டும் ‘லேபு’ என்பார். மூன்று தடவை இறங்கியிருக்கிறார். மூன்றாவது தடவை ஏறி வந்தபோது பேச்சு வரவில்லை, சைகையில் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

அந்த மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு லாரியிலும் வருகிற பாட்டில் நொறுங்கல் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆனால் கம்பெனித் தாளிலோ இத்தனையாவது மணிக்கு மேலிக் போடு என்று ஒரே கணக்குதான் எழுதியிருக்கும்.

அண்ணன் சொன்னார்: “மணியப் பாத்துப் போட்டாத்தான் செட் ஆவுது தங்கச்சி. வூட்ல தோசமாவு பொங்கிச்சா இல்லியான்னு மாவத்தான பாக்குறாங்கோ? கடிகாரத்தயா பாக்குறாங்கோ? அப்ப நாம கூழப் பாத்துப் போட்டா இன்னா?”

கூழைப் பார்ப்பது என் வேலை. கெட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆறவைத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேலே கொஞ்சம் காற்று விட்டுத் தக்கையை அடைத்துக் கவிழ்ப்போம். காற்றுக் குமிழி அடியிலிருந்து மேலே ஏறும். கூழ் கெட்டியாக ஆக, குமிழி மெதுவாக ஏறும். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கணக்கு. கணக்குப் பார்க்க ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. ஒரு தடவை அது காணாமல் போய்க் கிடைத்ததிலிருந்து மேனேஜர் அதைத் தன் டிராயரில் பூட்டிவைத்துக்கொண்டார். அந்த லேபில் எனக்கு முன்னால் இருந்தவர்களும் ராயபுரத்துப் பெண்கள்தான். அவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழாயைக் கவிழ்த்ததும் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைத் தொடங்குவது, எத்தனை ஜெபத்தில் குமிழி ஏறியது என்று பேட்ச் புத்தகத்தில், அதாவது ஒவ்வொரு சமையலுக்கும் வைக்கிற குறிப்பேட்டில், எழுதுவது. ஜெபமாலை சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்த வேகம் நாக்கிலேயே ஊறியிருக்கும். நானும் அப்படித்தான் எழுதினேன். கெட்டில் மேடையில் நின்ற அண்ணனும் அதையே கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார், டிராயர் சாவி அவரிடமும் இல்லையே.

நாங்கள் கண்டுபிடித்த முறை இதுதான். மேலிக்கை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வது. முதல் பங்கைப் போட்டுச் சமைப்பது. குமிழி ஒரு முழு ஜெபத்துக்கு ஏறுகிற பதம் வந்ததும் இரண்டாம் பங்கு. போட்டவுடன் கூழ் இளகும், மறுபடி அதே பதம் வருகிற வரை காத்திருந்து மூன்றாம் பங்கு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தொழிற்சாலையில் இருந்த காலம் முழுவதும் கெட்டில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

இதை எழுதி ஷிஃப்ட் அறையில் ஒட்டலாம் என்று மேனேஜரிடம் கேட்டேன். “எதற்கு வம்பு? ஆடிட்டுக்கு வருகிறவன், தாளில் இருக்கிறது ஒன்று, நீங்கள் செய்கிறது ஒன்றா என்று கேட்பான்” என்றார். செய்யுங்கள், ஆனால் எழுதி ஒட்டாதீர்கள் என்பது அவர் நியாயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணூர் வரைக்கும் எத்தனை ரெசின் ஷெட் இருக்கிறது, எத்தனை பேர் உளியோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த வருடம் எங்கள் கோயில் பங்கின் திருவிழா மலருக்கு ஒன்றரைப் பக்கம் காலியாக விழுந்தது. விளம்பரம் தருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். மலர்க் குழுவில் இருந்தவர் என்னிடம், “சயின்ஸ் படிச்சவதானே, ஏதாவது எழுதிக் குடேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ரெசின் கெட்டில் இறுகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு, பாட்டில் நொறுங்கல் எவ்வளவு, கிளைக்கால் எவ்வளவு, சூடு எவ்வளவு, மேலிக் மூன்று பங்கு என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். குமிழிக்கு மட்டும் வினாடி எழுதவில்லை. ‘ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம்’ என்று எழுதினேன். படிக்கிறவர்கள் எல்லோரும் பங்கு மக்கள், அவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அது ஒரு தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பிறகு அந்தத் தொழிற்சாலையை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. கெட்டில், குழாய், அலமாரி, அலமாரிக்குள் எங்கள் கையெழுத்தோடு இருந்த பேட்ச் புத்தகங்கள் என்று எல்லாம் அவர்களுக்குப் போனது. ஆட்களை மட்டும் அவர்களுக்கு வேண்டாமாம். நானும் அண்ணனும் எண்ணூர் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் சேர்ந்தோம். ஒரே ஒரு கெட்டில், ஒரு முதலாளி, நாங்கள் ஏழெட்டுப் பேர். அங்கேயும் மூன்று பங்குதான், அங்கேயும் கெட்டில் உட்காரவில்லை.

ஒரு நாள் முதலாளி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெரிய கம்பெனியின் வக்கீல் அனுப்பியது. இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு நாங்கள் விண்ணப்பித்திருக்கிறோம், அது கிடைத்ததும் விண்ணப்பம் வெளியான நாள் முதலே கணக்குப் போட்டு உங்கள்மேல் வழக்குப் போடுவோம், உடனே நிறுத்திவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

“மேடம், நாளையிலேர்ந்து பழையபடி மொத்தமா போட்டுடலாம். எனக்கு கோர்ட்டு வேண்டாம்” என்றார் முதலாளி.

“மொத்தமாப் போட்டா செட் ஆகும் சார். செட் ஆனா யார் இறங்குறது?”

அவர் கெட்டில் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அண்ணன் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். உளி பிடிக்கத் தெரிந்தவர் அந்த ஷெட்டில் அவர் ஒருவர்தான். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருடைய நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

வீட்டுக்குப் போனதும் கடிதத்தில் இருந்த எண்ணை வைத்து விண்ணப்பத்தைத் தேடிப் படித்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், போனிலேயே வருகிறது. பக்கம் பக்கமாக ஆங்கிலம். கடைசியில்தான் உரிமைக்கோரல்கள், அதாவது எதெது தங்களுக்குச் சொந்தம் என்ற பட்டியல். முதல் கோரலே எங்கள் முறைதான். மேலிக் மூன்று பங்கு. குமிழி ஏறும் நேரம் பத்து முதல் பதினைந்து வினாடியைத் தொட்டதும் அடுத்த பங்கு. எங்கள் பேட்ச் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஜெபத்தை மட்டும் வினாடியாக மாற்றியிருந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று பெயர்கள். அதில் ஒருவராவது கெட்டில் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்திருப்பாரா?

காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வு செய்த அதிகாரி சும்மா இருக்கவில்லை. பங்கு பங்காகப் போடுவது புதிதல்ல என்று இரண்டு வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டிக் கேட்டிருந்தார். அதற்குக் கம்பெனி எழுதிய பதில்: அவர்கள் மணி பார்த்துப் போட்டார்கள், குமிழியைப் பார்த்து அடுத்த பங்கைப் போடலாம் என்று எங்களுக்கு முன் உலகத்தில் யாரும் சொன்னதில்லை. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், “யாரைத் திட்டுறே?” என்று கேட்டார். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

காப்புரிமை கொடுப்பதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. இது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த சங்கதி என்று சான்றோடு காட்டினால் போதும். பேட்ச் புத்தகம் உதவாது. ஒரு கம்பெனியின் அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பது ஊருக்குத் தெரிந்ததாக ஆகாது, அந்த அலமாரியும் இப்போது அவர்களுடையது. அச்சில் வந்து பத்துப் பேர் கைக்குப் போனது ஒன்றே ஒன்றுதான், திருவிழா மலர்.

அந்த மலர் என்னிடம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டது. கோயிலில் கேட்டேன், அவர்களிடமும் அந்த வருடத்து மலர் இல்லை. தெருத் தெருவாகக் கேட்டேன். பழைய மலரை எதற்கம்மா வைத்திருக்கப் போகிறோம் என்று எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அண்ணன்தான் யோசித்துச் சொன்னார்:

“அந்த புக்குல செத்தவங்கோ போட்டோல்லாம் போடுவீங்கோ இல்ல? போட்டோ வந்தவங்கோ வூட்ல கேளு. அப்பா போட்டோ கீற புக்கை எவனாச்சும் கடைல போடுவானா?”

எங்கள் மலரின் கடைசிப் பக்கங்கள் நினைவஞ்சலிக்குத்தான். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. காசிமேட்டில் படகு கட்டுகிற ஒரு குடும்பத்தில், பீரோவில் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் மலர் இருந்தது. அந்த வீட்டு அம்மாவின் தகப்பனார் படம் அதில் வந்திருந்தது. ஆனால் தர மாட்டேன் என்றுவிட்டார்.

“எங்க நைனா சிரிச்சிகினு கீற போட்டோ இது ஒண்ணுதான். நீ எட்துகினு போயி, ஆபீஸ்காரன் தொலைச்சுட்டான்னா நான் யாரப் போயி கேப்பேன்?”

நியாயம்தானே. அந்தப் படத்தை அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியபோது எனக்கு வற்புறுத்த வாய் வரவில்லை. விஷயத்தை முழுதாகச் சொன்னேன். கெட்டில் என்றால் என்ன, இறங்குகிறவர் யார், அவர் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று எல்லாம். கேட்டுவிட்டு அந்த அம்மா எழுந்து, தலையைக் கோதி முடிந்துகொண்டு, “நட, நானே வரேன்” என்றார். மலரை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார், நோட்டரியிடம் வந்தார். பக்கத்தைத் திருப்பக்கூட வேறு யாரையும் விடவில்லை. நோட்டரி கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மலரைப் பெற்றவர்கள் சிலரின் வாக்குமூலத்தையும் சேர்த்து, அண்ணனையும் என்னையும் ஆட்சேபதாரர்களாகப் போட்டு அனுப்பினேன்.

கம்பெனியின் பதில் வந்தது. மலர் வெளிவரவே இல்லை என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு இல்லை. வேறு இரண்டு வழி பிடித்தார்கள். பிளாஸ்டிக் தொழிலில் தேர்ந்த எவரும் தொழில்நுட்பத்தைத் தேடிக் கோயில் திருவிழா மலருக்குப் போக மாட்டார் என்பது ஒன்று. ஜெபம் ஓர் அளவே அல்ல, ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே அந்தக் கட்டுரை எதையும் தெளிவாகச் சொல்லவில்லை என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதைப் படித்தபோது என்னையே திட்டிக்கொண்டேன். வினாடி என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும், எழுதாமல் விட்டவள் நான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. ஷெட்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகளின் லேப்டாப்பை வைத்து, நானும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். திரையில் ஒரு பெண் அதிகாரி, இன்னொரு கட்டத்தில் கம்பெனியின் வக்கீல்.

வக்கீல் சிரித்துக்கொண்டேதான் பேசினார். “மேடம், எந்த ரெசின் நிபுணர் சர்ச் திருவிழா புத்தகத்தைப் பார்ப்பார்?”

“நான் பாத்தேன். எழுதினதே நான்தான்” என்றேன். “எங்க பக்கத்துல ரெசின் ஷெட்டுல வேலை பாக்குறவங்க பாதிப் பேரு அந்தக் கோயிலுக்குத்தான் வர்றாங்க. நீங்க சொல்ற நிபுணர் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. கெட்டில் பக்கத்துல நான் அவரைப் பாத்ததில்லை.”

அதிகாரி சிரிக்கவில்லை. அச்சில் வந்து பொதுமக்களுக்குக் கிடைத்திருந்தால் போதும், எந்த வகைப் புத்தகம் என்பது கேள்வி இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அந்த ஜெபம் எத்தனை வினாடி ஆகும்?” என்று கேட்டார்.

“சொல்லிக் காட்டவா?”

“வேலையில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள்.”

சொன்னேன். சின்ன வயதிலிருந்து லட்சம் தடவை சொல்லியிருப்பேன், அன்றைக்கு வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. முடித்தபோது வக்கீல் போனைத் தூக்கிக் காட்டினார். “எட்டு வினாடி! எங்கள் கோரல் பத்திலிருந்து பதினைந்து. ஆக அம்மணியின் ஜெபம் எங்கள் எல்லைக்குள்ளேயே வரவில்லை.”

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. பயத்தில் சொன்னேன் என்று சொன்னால் ஜெபம் மாறும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் எட்டுதான் கணக்கு. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அம்மா, நான் சொல்லட்டா?”

அதிகாரி விண்ணப்பத்தில் அவர் பெயரைப் பார்த்தார். “நீங்கள் கிறிஸ்தவரா?”

“இல்லீங்கோ. நாங்கோ பௌத்தம். எனக்கு இது சாமி கும்புட்றதுக்கு இல்ல, குமிழி பாக்குறதுக்குத்தான். பதினெட்டு வருசமா இத்தச் சொல்லித்தான் மேலிக் போட்னுகீறேன். லேபு பொண்ணுங்கோ இன்னா ஸ்பீடுல கத்துக்குடுத்தாங்களோ, அதே ஸ்பீடுதான். எனக்கு ஏத்த இறக்கம்லாம் வராது.”

“சொல்லுங்கள்.”

அண்ணன் சொன்னார். பக்தியும் இல்லை, பதற்றமும் இல்லை, ஒரே சீராக, கெட்டில் மேடையில் நின்றபடி சொல்வது போலவே. பன்னிரண்டு வினாடி. அதிகாரி மறுபடி சொல்லச் சொன்னார். பன்னிரண்டு. மூன்றாவது தடவை பாதியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நிறுத்தி, மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார். பதின்மூன்று.

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டினார். “உங்கள் விண்ணப்பத்திலேயே பத்து முதல் பதினைந்து என்று ஐந்து வினாடிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். உங்கள் அளவு மாறலாம், அவர்கள் அளவு மாறக் கூடாதா?” என்றார். உத்தரவைப் பிறகு எழுத்தில் தருவதாகச் சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணனுக்குச் சோறு போட்டேன். மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். “வக்கீல் மூஞ்சியப் பாத்தியா தங்கச்சி? எட்டுன்னு குதிச்சாரே, அப்பால கம்முனு ஆயிட்டாரு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான். உத்தரவு வர மாதங்கள் ஆகின. கடிதம் வந்த மறுநாளிலிருந்தே ஷெட்டில் முதலாளி சொன்னபடிதான் ஓட்டினோம். கேஸ் நன்றாகப் போயிருக்கிறது என்று நான் முதலாளியிடம் எவ்வளவோ சொன்னேன். தாள் கைக்கு வரட்டும் மேடம் என்றார். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மேலிக்கை மொத்தமாகக் கொட்டினோம், ஒவ்வொரு பேட்ச்சும் முடிகிறவரை நான் உட்காரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கெட்டிலுக்குள் சுற்றுகிற கலக்கியின் சத்தம் மாறியது. நான் ஓடிப் போவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. கெட்டில் உட்கார்ந்துவிட்டது.

வெளியிலிருந்து ஆள் கூட்டி வரலாம் என்றேன். ஒருவரும் கிடைக்கவில்லை. “தெரியாதவன எறக்குனா செத்துருவான் லேபு” என்றார் அண்ணன். என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டபோதே முடிவு செய்துவிட்டார் என்று புரிந்தது. ஃபேன் வைத்தோம், இடுப்பில் கயிறு கட்டினோம், கால் மணிக்கு ஒரு தடவை ஏறி வந்தே ஆக வேண்டும் என்று நான் கத்தினேன். சனிக்கிழமை மதியம், கடைசி வாளியும் மேலே வந்த பிறகு, கயிறு அசையவில்லை. இழுத்தோம். வெளியே வந்தபோது உதடு கறுத்திருந்தது. ஆட்டோவில் என் மடியில் தலையை வைத்துத்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அழுகையோடு அந்தக் கம்பெனியையும் முதலாளியையும், வினாடி எழுதாத என்னையும் திட்டினேன்.

பிழைத்துக்கொண்டார். ஒன்பது நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

அவர் வீடு திரும்பிய வாரம் உத்தரவு வந்தது. வியாசர்பாடியில் அவர் வீட்டுக்குப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ஆட்சேபதாரர்கள் காட்டிய மலரில் இந்த முறை முழுமையாக வெளியாகியிருக்கிறது. ஒரு ஜெபம் சொல்லும் நேரம் அந்த வட்டாரத்துத் தொழிலாளர்களிடையே நிலையான அளவாகப் புழங்கியிருக்கிறது. முதல் உரிமைக்கோரலில் புதுமை இல்லை. அதைச் சார்ந்த மற்ற கோரல்களும் நிற்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

“இன்னொரு தபா படி” என்றார் அண்ணன். கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். அவர் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரைப் பார்த்து, “இனிமே உள்ள எறங்குவியா?” என்று கேட்டார். அவர் தலையைத் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

மறுநாள் முதலாளியிடம் உத்தரவைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்ப இதுக்கு நாமளே காப்புரிமை வாங்கலாமா மேடம்?” என்று கேட்டார்.

“முடியாது சார். ஊருக்கே தெரிஞ்சதுன்னு சொல்லித்தானே ஜெயிச்சோம். இனிமே இது யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பெரிய கம்பெனிகூடச் செய்யலாம், யாரும் கேக்க முடியாது.”

“அடடா! இவ்வளவு பாடுபட்டு நமக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சே. எல்லாம் வீண்.”

நான் எழுந்து நின்றேன். ஷெட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். “எது சார் வீண்? நான் இதை எழுதினதே எல்லாரும் செய்யணும்னுதான். ஒருத்தர் இன்னொரு தடவை செத்துப் பிழைக்க வேண்டாம்னுதான் கேஸ் போட்டேன். திங்கக்கிழமை பேட்ச் மூணு பங்குதான். மொத்தமாக் கொட்டணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா கொட்டுங்க, ஆனா அதுக்கு முன்னாடி உங்க சட்டையைக் கழட்டிட்டு நீங்க ஒரு தடவை உள்ள இறங்கிப் பாத்துட்டு வாங்க.”

முதலாளி உத்தரவை மடித்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மூன்று பங்காகப் போட்டோம். டாக்டர் இன்னும் வேலைக்குப் போகச் சொல்லவில்லை என்றாலும் அண்ணன் வந்திருந்தார். மேடை ஏறக் கூடாது என்று சொல்லிக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வால்வைத் திறந்தோம். ரெசின் கட்டியில்லாமல் ஒரே தாரையாகப் பீப்பாயில் இறங்கியது. கெட்டில் ஓட்டையின் மூடியை யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வெளியே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.